கோடாகத் தெரிந்த முறுக்கு

கிடியன் மான்டெல் என்ற ஆங்கிலேய மருத்துவரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தொல்லுயிர் ஆய்வாளர்கள்தான். இகுவானோடான் என்ற தொல்விலங்குக்கு 1825-இல் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தவர் அவர். 1841-இல் குதிரைவண்டி விபத்தொன்றில் சிக்கிய பிறகு முதுகுவலி அவரை விடவேயில்லை. இடுப்புக்கு மேலே இடப்பக்கமாக ஒரு புடைப்பு தெரிந்தது. பார்த்த மருத்துவர்கள் கட்டி என்றார்கள், சீழ் என்றார்கள். வலிக்கு அபினை நாடிய மான்டெல் 1852-இல் அது அளவுமீறிப் போனதால் இறந்தார். உடலைத் திறந்தபோது கட்டியும் இல்லை, சீழும் இல்லை. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் கடுமையாக வளைந்ததோடு தம் அச்சிலேயே திரும்பியும் இருந்தன. திரும்பியதால் வெளியே தள்ளப்பட்ட எலும்புக் கிளைகள்தான் அத்தனை ஆண்டுகள் கட்டியாகத் தெரிந்தவை. முதுகின் நடுவே விரலால் தடவினால் தட்டுப்படும் முள்முனைகளோ ஏறத்தாழ நேர்வரிசையில் இருந்தன. இதை ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் ஆடம்ஸ் என்ற லண்டன் அறுவை மருத்துவர். 1865-இல் வெளிவந்த அவருடைய விரிவுரைகள் முதுகெலும்பு வளைவைப் பற்றிய அடிப்படை நூல்களில் ஒன்று. பிள்ளைகளை முன்னால் குனியவைத்து, முதுகின் ஒரு பக்கம் மேடிட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மான்டெலின் முதுகெலும்பு, அவர் தோண்டியெடுத்த எலும்புகளைப் போலவே, அருங்காட்சியக அலமாரி ஏறியது.

ஒரு பிழையான நோயறிதலைச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்கக் காரணம் இருக்கிறது. முதுகெலும்பு வளைவுக்குப் பயிற்சியால் மருத்துவம் செய்த வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். ஒன்று, விவரம் தெரியாத காலத்தில் கையைக் காலை ஆட்டச் சொன்னார்கள், பிறகு அறிவியல் வந்தது, கவசமும் அறுவைச் சிகிச்சையும் அந்த இடத்தைப் பிடித்தன என்பது. இன்னொன்று, பயிற்சியின் அருமையை மருத்துவ உலகம் மறைத்துவிட்டது, இப்போதுதான் உண்மை வெளிவருகிறது என்பது. இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. பயிற்சி எப்போது போற்றப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்பதை ஒவ்வொரு காலமும் அந்த வளைவை எதைக்கொண்டு பார்த்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. வெறுங்கண், கண்ணாடி, எக்ஸ்ரே என்று பார்க்கும் கருவி மாறியபோதெல்லாம் நோயின் வடிவமே மாறித் தெரிந்தது. வடிவம் மாறியதும் மருந்தும் மாறியது. நம் மொழியிலும் இந்தச் சிக்கலின் சாயல் உண்டு. முன்பக்கம் வளைவதற்குக் கூன் என்ற பழஞ்சொல் இருக்கிறது. கூனியும் கூன்பாண்டியனும் நம் கதைகளில் இருக்கிறார்கள். பக்கவாட்டில் வளைவதற்குக் கோணல் என்ற பொதுச்சொல்லை விட்டால் வேறில்லை. முறுக்கிக்கொள்வதற்குத் தனிப்பெயரே கிடையாது. கிரேக்கர்கள் கொடுத்த ஸ்கோலியோசிஸ் என்ற பெயருக்கும் கோணல் என்பதற்கு மேல் பொருளில்லை.

கோணலாகத் தெரிந்தால் இழுத்து நிமிர்த்தத் தோன்றும். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் நோயாளியை ஏணியோடு கட்டி உயரத்திலிருந்து உலுக்கி இறக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தை வாய்பிளக்க வைக்கவே செய்கிறார்கள் என்ற கண்டனமும் அங்கேயே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே இரும்புத் தகட்டுக் கவசம் செய்வித்தார். 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி குழந்தைகளின் உடற்கோணல்களைப் பற்றி ஒரு நூல் எழுதி ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லையே உருவாக்கினார். வளைந்த இளமரம் ஒன்றை நேரான முளைக்குச்சியோடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கும் அந்த நூலின் படம் இன்றும் எலும்பு மருத்துவர் சங்கங்களின் சின்னமாக இருக்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற நம் பழமொழியைக் கேட்டிருந்தால் ஆந்த்ரி தன் நூலின் முகப்பிலேயே போட்டிருப்பார். ஆனால் வளரும் மரத்தைக் கட்டி நிமிர்த்தும் உவமைக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: கோணல் என்பது ஒரே தளத்தில் நிகழும் வளைவு, எதிர்த்திசையில் விசை கொடுத்தால் போதும் என்பது அது. இதே நூற்றாண்டில், 1779-இல், பெர்சிவால் பாட் கூனின் ஒரு வகையை வாதத்தோடு சேர்த்து விவரித்தார். அது காசநோய் முள்ளெலும்பை அரிப்பதால் வருவது என்று பின்னால் தெளிவாயிற்று. அந்தக் கூனுக்குப் பயிற்சியால் பயனில்லை, மருந்துதான் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் அந்த மருந்துச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில்தான் நடந்தது. கோணல்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது தெரியாதவரை எந்த மருத்துவம் பலித்தது என்று சொல்ல வழியே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பயிற்சியின் நூற்றாண்டு. ஸ்டாக்ஹோமில் 1813-இல் பெர் ஹென்ரிக் லிங் அரச ஆதரவோடு உடற்பயிற்சிக் கழகம் தொடங்கினார். மான்ட்பெல்லியேயில் ஜாக் டெல்பெக் வளைவுள்ள பிள்ளைகளுக்காகப் பயிற்சிக் கருவிகள் நிறைந்த விடுதி நடத்தி 1828-இல் பெரிய நூலொன்றையும் எழுதினார். நான்கே ஆண்டுகளில் பழைய நோயாளி ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். லைப்சிக் நகரில் மோரிட்ஸ் ஷ்ரேபர் 1844 முதல் எலும்பு மருத்துவ விடுதி நடத்தினார். வீட்டறைப் பயிற்சிகள் பற்றி 1855-இல் அவர் எழுதிய புத்தகம் ஜெர்மன் வீடுகளில் பரவலாக இடம்பிடித்தது. பிள்ளைகள் மேசையில் குனியாமலிருக்க நெஞ்சுக்கு எதிரே இரும்புக் குறுக்குச்சட்டம் வைத்த கருவியும் அவருடையதே. பின்னாளில் அவருடைய மகன் மனநோயாளியாகித் தன் வரலாறு எழுத, அதை ஃப்ராய்ட் ஆராய்ந்தது வேறு கதை. ஸ்வீடனின் குஸ்தாவ் சாண்டர் 1860-களில் பயிற்சியையே இயந்திரங்களிடம் ஒப்படைத்தார். ஜெர்மனியில் ருடால்ஃப் க்ளாப், நாற்கால் விலங்குகளுக்கு இந்தக் கோணல் வருவதில்லை என்று கண்டு, பிள்ளைகளைத் தவழவைத்தார். இவர்கள் எல்லாரையும் இணைத்த நம்பிக்கை ஒன்றுதான்: முதுகுத் தசை பலவீனம், அதனால் எலும்பு சாய்கிறது, தசையை வலுப்படுத்தினால் நிமிரும். அந்த நம்பிக்கையோடு ஒழுக்கமும் கலந்துகொண்டது. கூனி உட்காருவது சோம்பல், கோணி நிற்பது அடக்கமின்மை என்ற பேச்சு, இந்நோய் அதிகம் தாக்கும் வளர்இளம் பெண்கள்மேல்தான் பெரும்பாலும் விழுந்தது. பாரிஸில் ஜூல் கெரான் இதே தர்க்கத்தைத் தலைகீழாக்கி, கோணலுக்குக் காரணமான தசையை வெட்டிவிட்டால் போதும் என்று வெட்டினார். மால்கேன் என்ற சக மருத்துவர் அந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்துப் பலனில்லை என்று எழுத, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இரு பக்கத் தசையையும் சமமாக வலுப்படுத்தும் பயிற்சியால் முறுக்கிக்கொண்ட முதுகு நேராகாது. முறுக்கிய துணியின் இரு முனையையும் எவ்வளவு இழுத்தாலும் முறுக்கு இறுகுமே தவிரப் பிரியாது. ஆடம்ஸின் நூல் வந்த பிறகும் இந்த எளிய உண்மை பயிற்சிக்கூடத்துக்குள் நுழைய அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. நுழைத்தவர் மருத்துவரும் அல்ல, உடற்பயிற்சி ஆசானும் அல்ல; டிரெஸ்டன் நகரில் 1894-இல் பிறந்த கத்தரீனா ஷ்ரோத் என்ற பள்ளி ஆசிரியை. அவருக்கே முதுகெலும்பு வளைந்திருந்தது. பதினாறு வயதில் எஃகுக் கவசம் மாட்டினார்கள். அதில் பலன் காணாத அவர் கண்ணாடிகளுக்கு நடுவே நின்று தன் முதுகைத் தானே கவனிக்கத் தொடங்கினார். மருத்துவர் நோயாளியின் முதுகைப் பின்னால் நின்று ஒரு கோடாகப் பார்ப்பார். நோயாளிக்கோ தன் உடல் முன்னும் பின்னும் பக்கமுமாக, மூச்சோடு அசைவதாகத் தெரியும். ஒரு பக்க விலா பின்னால் புடைத்திருக்க, எதிர்ப்பக்கம் குழிந்து கிடப்பதை ஷ்ரோத் கண்டார். குழி விழுந்த பலூனில் காற்றை ஊதினால் குழி தானே வெளியே வருவதுபோல, குழிந்த விலாப்பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி உள்ளிருந்தே விரிக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1921-இல் மைசன் ஊரில் சிறு நிலையம் ஒன்றைத் திறந்தார்.

மைசனில் நடந்தது அன்றைய உடற்பயிற்சிக்கூடங்களில் நடந்ததிலிருந்து கருத்தளவில் வேறு. உடலை இடுப்பு, விலாக்கூடு, தோள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கட்டைகளாக ஷ்ரோத் எண்ணிக்கொண்டார். வளைவுள்ளவரிடம் இந்தக் கட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்தும், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பியும் நிற்கின்றன. முதலில் முதுகை நீட்டுவது, பிறகு நகர்ந்த கட்டையை இடத்துக்குக் கொண்டுவருவது, திரும்பியதை எதிரே திருப்புவது, அந்த நிலையிலேயே குழிந்த பக்கத்துக்கு மூச்சிழுப்பது, கடைசியில் மூச்சை விடும்போது தசைகளை இறுக்கி அந்த வடிவத்தைப் பிடித்துவைப்பது என்பது பயிற்சியின் போக்கு. இடமும் வலமும் ஒருபோதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆளுக்கு ஆள் வளைவு மாறுவதால் பயிற்சியும் மாறும். படுத்துச் செய்யும்போது திரும்பிய பகுதிக்கு அடியில் அரிசி நிரப்பிய சிறு பைகளை வைத்து முட்டுக்கொடுப்பார்கள். சுவரோடு பொருத்திய மர ஏணியைப் பற்றித் தொங்கியும் நின்றும் செய்வார்கள். அந்த ஏணி ஸ்வீடிஷ் பயிற்சிக்கூடத்தின் சொத்து. லிங்கின் மரபு தந்த சாதனத்தைக்கொண்டே லிங் மரபின் இடவலச் சமநிலையை ஷ்ரோத் உடைத்தார் என்று சொல்லலாம். வந்தவர்களில் பலர் வளர்ச்சி முடிந்த பெரியவர்கள், மிகப் பெரிய வளைவுள்ளவர்கள். இரண்டு மூன்று மாதம் தங்கி, கூட்டமாக, பெரும்பாலும் தோட்டத்தில் திறந்தவெளியில் பயின்றார்கள். போருக்குப் பின் மைசன் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட, அங்கே காட்லோய்பா என்ற ஊரின் மருத்துவ நிலையத்தில் சிலகாலம் வேலைசெய்துவிட்டு, 1955-இல் மகள் கிறிஸ்டாவோடு மேற்கே வந்தார். 1961-இல் சோபர்ன்ஹைம் ஊரில் புதிய நிலையம் தொடங்கியது. ஒரே சமயத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கிப் பயிலும் மருத்துவமனையாக அது வளர்ந்தது. ஷ்ரோத் 1985-இல் காலமானார்.

இதற்குள் மருத்துவ உலகம் பார்க்கும் கருவியே வேறாகியிருந்தது. 1895-இல் கண்டறியப்பட்ட எக்ஸ்ரே, முதுகெலும்பை உயிருள்ள உடலுக்குள்ளேயே காட்டியது. காட்டியதைத் தட்டையாக்கவும் செய்தது. நியூயார்க்கின் ஜான் காப் 1948-இல் ஒரு அளவுமுறையை வகுத்துச் சொன்னார். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்த முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு வரைந்து இடைப்பட்ட கோணத்தைப் பாகையில் சொல்வது அது. அந்த எண்ணை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுக்க முடிவெடுக்கிறார்கள்: பத்துப் பாகைக்குக் குறைந்தால் நோயே இல்லை, இருபத்தைந்தைத் தாண்டி வளரும் பிள்ளையானால் கவசம், ஐம்பதை நெருங்கினால் அறுவை பற்றிய பேச்சு. காப் எழுதுவதற்கு முன்பே, 1941-இல், அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு 425 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. அறுவையின்றிப் பயிற்சியும் தாங்கிகளும் பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. இந்த அறிக்கையோடு ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகில் பயிற்சியின் கதை ஏறத்தாழ முடிந்தது. 1940-களின் நடுவில் மில்வாக்கி கவசம் வந்தது. ஹூஸ்டனில் போலியோவால் முதுகு சரிந்த பிள்ளைகளோடு போராடிய பால் ஹாரிங்டன், எலும்போடு பொருத்தும் உலோகத் தண்டை உருவாக்கி 1962-இல் வெளியிட்டார். 1979-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவர்களே, சிறிய வளைவுள்ள பிள்ளைகளை வீட்டுப் பயிற்சி செய்யவைத்து ஒப்பிட்டுப் பார்த்து, வளைவில் வேறுபாடு இல்லை என்று எழுதினார்கள்.

ஷ்ரோத் மரபைச் சேர்ந்தவர்கள் இங்கே சொல்லும் பதில் பாதி சரி. 1941-இலும் 1979-இலும் தோற்றது இடவலச் சமநிலையுள்ள பொதுப் பயிற்சி, முறுக்கைப் பார்த்து வகுத்த பயிற்சி அல்ல என்கிறார்கள். உண்மைதான். ஒரு பயிற்சி பலிக்கவில்லை என்பதால் பயிற்சியே பலிக்காது என்றாகிவிடாது. ஆனால் அதே நியாயப்படி, ஒன்று தோற்றதால் இன்னொன்று வென்றதாகவும் ஆகிவிடாது. சோபர்ன்ஹைமில் ஆயிரக்கணக்கானவர்கள் பயின்றார்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் குவிந்தன. பயிலாத ஒரு கூட்டத்தை அருகே வைத்து ஒப்பிடுவது மட்டும் நீண்டகாலம் நடக்கவில்லை. ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு 2013-இல் வெளியான ஆய்வொன்று விடை வைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கவசத்தைச் சோதித்த அந்த ஆய்வில், கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினர் வளர்ச்சி முடியும்வரை ஐம்பது பாகையை எட்டாமல் தப்பினார்கள். எதுவும் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களிலும் 48 விழுக்காட்டினர் தப்பினார்கள்! ஏறக்குறைய பாதிப்பேர் எந்த வைத்தியத்துக்கும் கடன்படாமலேயே தேறுகிற நோயில், தேறியவர்களை மட்டும் வரிசையாக நிறுத்திக் காட்டினால் எந்த முறையும் அற்புதமாகத்தான் தெரியும். இணையத்தில் இன்று நிமிர்ந்த முதுகுகளின் படம் போட்டு விளம்பரம் செய்கிறவர்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான். அதே ஆய்வில் கவசத்தை நாளுக்குப் பதின்மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களிடம் வெற்றி தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டது என்பதையும் பயிற்சியின் பக்கம் நிற்பவர்கள் விழுங்கித்தான் ஆகவேண்டும்.

ஒப்பீட்டோடு கூடிய பயிற்சி ஆய்வுகளும் பின்னர் வந்தன. 2014-இல் இத்தாலியில் 110 பிள்ளைகளிடம், தன் வளைவைத் தானே திருத்தும் பயிற்சியைப் பழைய பாணிப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தாரின் வளைவு ஐந்து பாகைக்கு மேல் குறைந்தது, மற்றவர்களுடையது அப்படியே நின்றது. கனடாவின் எட்மன்டனில் ஐம்பது பேரிடம் ஷ்ரோத் முறையை ஆறு மாதம் சோதித்தபோது, பயின்றவர்களின் வளைவு பயிலாதவர்களுடையதைவிடச் சராசரியாக மூன்றரைப் பாகை குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தால் ஐந்து பாகை வரை வேறுபாடு வருவது சகஜம். கூட்டத்தின் சராசரியில் தெரியும் மூன்றரைப் பாகை, தனியொரு பிள்ளையின் படத்தில் நம்பிச் சொல்லக்கூடிய அளவல்ல. 2024-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கறாரானது. 135 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, இரவில் மட்டும் அணியும் கவசம், முறுக்கைக் குறிவைத்த பயிற்சி, தானே செய்துகொள்ளும் பொதுவான உடலுழைப்பு என்று ஒப்பிட்டார்கள். வளைவு கூடாமல் தடுப்பதில் பொது உடலுழைப்பை வென்றது இரவுக் கவசம் மட்டுமே, தனிப்பயிற்சி வெல்லவில்லை. லிங்கின் நாட்டிலிருந்தே இந்தத் தீர்ப்பு வந்தது. கோணத்தைக் குறைப்பதுதான் கேள்வி என்றால், பயிற்சியைத் தனி மருந்தாக நம்பியிருக்க இன்று போதிய சான்றில்லை என்றே நான் முடிவுகட்டுவேன். கவசத்தோடு சேர்ந்த துணையாக அதற்கு இடம் உண்டு என்பதில் பலருக்கும் உடன்பாடு இருக்கிறது.

அப்படியானால் பார்க்கும் கருவிதான் தீர்ப்பை எழுதியது என்ற என் வாதம் என்னாவது, கோணத்தை அளந்ததால்தானே உண்மை தெரிந்தது என்று கேட்கலாம். கோணத்தை அளந்தது சரிதான். வளரும் பிள்ளையின் வளைவு எண்பதைத் தாண்டிவிட்டால் நுரையீரல் நெருக்குண்ணும் என்பதால், அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் இருக்கமுடியாது. பிழை வேறிடத்தில் நடந்தது: கோணம் நோயின் ஒரு முகம் என்பதை விட்டு அதுவே நோய் என்று ஆக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவின் அயோவாவில் எந்த மருத்துவமும் பெறாமல் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட 117 பேரைத் தேடிப்பிடித்து 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயுளில் குறைவில்லை, வேலைசெய்து வாழ்வதிலும் பெரிய தடையில்லை. நாட்பட்ட முதுகுவலி இருப்பதாக 61 விழுக்காட்டினர் சொன்னார்கள். வளைவில்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 35 விழுக்காடு. தம் தோற்றத்தைப் பற்றிய மனக்குறையும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. வலி, மூச்சு, தோற்றம் என்ற இந்த மூன்றுக்காகத்தான் மைசன் தோட்டத்துக்கு, எலும்பு வளர்ந்து முடிந்த பெரியவர்கள் ரயிலேறி வந்தார்கள். 1941-இன் கணக்கில் இந்த மூன்றுக்கும் கட்டமே இல்லை. சோபர்ன்ஹைமிலிருந்து 1991-இல் வந்த ஆய்வு நுரையீரலின் கொள்ளளவும் விலாவின் அசைவும் பயிற்சிக்குப் பின் கூடியதாகச் சொன்னது. அங்கும் ஒப்பீட்டுக் கூட்டம் இல்லை என்ற பழைய குறை உண்டு. ஆனால் ஷ்ரோத் எதைக் குறிவைத்தாரோ அதையாவது அளந்தார்கள்.

எட்மன்டன் ஆய்வு ஒப்பீட்டோடு அளந்தது. முதுகுத் தசை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, வலி எவ்வளவு, தன் உடலைத் தான் எப்படிக் காண்கிறார் என்பவற்றிலும் பயின்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. வலியையும் தன்தோற்றத்தையும் அளக்க இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் 22 கேள்விகள் கொண்ட ஒரு தாளைப் பயன்படுத்துகின்றன. அதை நிரப்புவது மருத்துவர் அல்ல, நோயாளி. உடையணிந்து நிற்கும்போது உங்கள் தோற்றம் உங்களுக்கு எப்படிப்படுகிறது என்ற வகையிலான கேள்விகள் அதில் இருக்கின்றன. டிரெஸ்டனில் ஒரு பதினாறு வயதுப் பெண் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.